கூரை இருந்த தரை

ஸ்பஞ்சை நனைத்துப் பிழிந்து
முட்டி போட்டு நகர்கிறேன்.
அலெக்சாந்திரியாவிலிருந்து காசாவுக்கு
ஒன்றரை முழம்.

மதபாவுக்குத் தெற்கே
கூரையில்லாத ஒரு தேவாலயத்தின் தரையில்
எட்டு ஊர்கள். ஊருக்கொரு தேவாலயம்:
சிவப்பு ஓட்டுச் சரிவு, இரண்டு தூண்,
நடுவே சங்கிலியில் ஒரு விளக்கு,
பாதி விலக்கிய திரை.
எல்லாம் சுண்டுவிரல் நகமளவுக் கற்கள்.

பதித்தவன் எகிப்தைப் பார்த்ததே இல்லை,
சத்தியம் செய்வேன்.
எட்டும் ஒரே அச்சு, பெயர் மட்டும் வேறு.
கடலையும் யாரோ சொல்லத்தான் கேட்டிருக்கிறான்;
நீலக் கல் தீர்ந்துபோய்
கடைசி அலைகளை
ஆலிவ் பச்சையில் முடித்திருக்கிறான்.

ஆனால் பாருங்கள்,
தூணும் விளக்கும் உள்ளே இருப்பவை,
ஓடு வெளியே.
சுவரைக் கேட்காமல்
இரண்டையும் ஒரே சமயத்தில் காட்டுகிறான்,
தொழுதுவிட்டு வெளியே வந்தவன்
ஒருமுறை திரும்பிப் பார்க்கையில் தெரிவதுபோல.

ஐந்தாவது ஊரில் நின்றுவிட்டேன்.
பெயர் இருந்த இடத்தில்
யாரோ எப்போதோ அடுப்பு மூட்டிய கரி.
அதன் கீழே கதவு கோணல்:
வலப்பக்க நிலை
ஒரு கல் அகலம் உள்ளே சாய்ந்திருக்கிறது.
பிசகு என்று குறித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.
ஜிரியேஸ்தான் அளவு நாடாவை இழுத்துக்கொண்டு
மேற்கு வாசலுக்குப் போனான்.
அங்கே மண்ணுக்குள்
முழங்காலளவு எஞ்சிய நிலைக்கல்.
நெடுநேரம் சத்தமே இல்லை.
பிறகு,
"இதுவும் கோணல்" என்றான்.

ஆக, எட்டில் ஒன்றை மட்டும்
அவன் பார்த்திருக்கிறான்.
நாங்கள் மண்டியிட்டிருக்கும் கட்டடம்
தன் தரையில் தன்னையே வைத்திருக்கிறது,
பூமி குலுங்கிக் கொண்டுபோன
ஓடுகளையும் சேர்த்து.
எழுபத்து மூன்று. எண்ணினேன்.

படகில் இருந்த மீனவனை எண்ண முடியாது.
உருவம் கூடாது என்று ஆகிவிட்ட ஒரு காலத்தில்
அவனைப் பிடுங்கி,
அதே கற்களை, ஒன்றையும் வீசாமல்,
அதே இடத்தில் குலைத்துப் பதித்திருக்கிறார்கள்.
கன்னத்துச் சிவப்பு துடுப்பின் மேல்.
தலைமுடி தண்ணீரில்.
இடுப்புத்துணி இருந்த இடத்தில் ஒரு செடி,
கொஞ்சம் அக்கறையாகவே முளைத்திருக்கிறது.
காசு கொடுத்த ஓபெதாஸுக்கும் அதே கதி:
பெயர் நிற்கிறது,
மூக்கு திராட்சைக் குலைக்குள்.

அழித்தவனைத் திட்ட
எனக்கு வாய் வரவில்லை.
கடப்பாரைக்கு அது ஒரு நொடி வேலை.
அவனோ நாள்கணக்கில் குனிந்திருக்கிறான்,
என்னைப் போல, முதுகு வலிக்க.
அடுத்த ஞாயிறும் இதே தரையில் நின்று
பாட வேண்டியவன்.
கட்டடங்களை அவன் தொடவில்லை.
கூரைக்கு ஏது முகம் என்று நினைத்திருப்பான்.
அந்தக் கோணல் கதவு
அவனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கும்.

நவம்பர். மழைக்கு முன் மூடியாக வேண்டும்.
காவலர் அவ்தா துணியை விரித்துக் காத்திருக்கிறார்,
பக்கத்தில் தள்ளுவண்டி நிறைய மணல்.
ஒரு வாளித் தண்ணீர் கேட்டேன்.
"கழுவித்தானே முடித்தாய்?"
என்றாலும் கொடுத்தார்.

ஊற்றினேன்.
தூசி நிறத்தில் கிடந்தவை சட்டென்று
சிவப்பு, மஞ்சள்,
விளக்கின் நடுவே ஒற்றை வெள்ளைக் கல்.
மேலே போன மேகம் ஒன்று
ஓட்டின் மீது ஏறி இறங்கியது.
ஆறேழு நிமிடம் இருக்கும்,
ஜிரியேஸ் கூட சிகரெட் பற்றவைக்கவில்லை.

ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது,
காசா, பிறகு கடல்.
அவ்தா மண்வெட்டியை எடுத்து
வாசல் பக்கமிருந்து ஆரம்பித்தார்.

"அங்கே வேண்டாம்" என்றேன்.
"கதவைக் கடைசியில்."